மதகடி மடு உங்கள் தமனிக்குள்ளும் உண்டு... தெரியுமா?

கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். மதகைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டுப் பாயும். மதகுக் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டி நாலைந்து முழம் தள்ளிப் பாருங்கள், மண்ணை அரித்து ஆள் முழுகும் ஆழத்துக்கு மடு விழுந்திருக்கும். "மதகடிப் பக்கம் போகாதே, சுழி இழுத்துடும்" என்று அம்மா அதட்டுவது அந்த மடுவை நினைத்துத்தான்.

அதே சங்கதி நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது என்றால் நம்புவீர்களா? ஒரு தமனி எங்கேயாவது குறுகிவிட்டது என்று வையுங்கள். ரத்தம் வந்து முட்டுகிற முன்பக்கம்தான் வீங்கும் என்று நினைப்போம். இல்லை! குறுகலைத் தாண்டி, 'அப்பாடா' என்று ரத்தம் விரிந்து ஓட வேண்டிய இடத்தில்தான் தமனி பலூன் மாதிரி புடைக்கிறது. ஏன், எப்படி? ஒவ்வொன்றாகக் கேளுங்கள், மலைத்துப் போவீர்கள்!

1. கையுறை தந்த டாக்டர்தான் இதையும் துருவினார், தெரியுமா?

ஆபரேஷன் தியேட்டரில் போடும் ரப்பர் கையுறைக்குப் பின்னால் ஒரு காதல் கதை உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட். கிருமிநாசினி பட்டுப் பட்டு நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் புண்ணாகிவிட்டன. அவருக்காகவே மெல்லிய ரப்பரில் கையுறை செய்து தரும்படி குட்இயர் கம்பெனியிடம் சொன்னார் ஹால்ஸ்டெட். 1890-இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்!

அந்த ஹால்ஸ்டெட்டை இன்னொரு விஷயமும் விடாமல் குடைந்தது. சிலருக்குக் கழுத்தடியில் ஒரு விலா எலும்பு உபரியாக முளைத்திருக்கும். அது கைக்குப் போகும் தமனியை நெரிக்கும். நெரிபட்ட இடத்துக்கு அப்பால் தமனி வீங்கியிருக்கும். நாய்களின் தமனிகளில் சின்னச் சின்ன உலோகப் பட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். 1916-இல் முடிவை வெளியிட்டார். முழுக்க இறுக்கி அடைத்தால் வீக்கம் இல்லை. பேருக்குச் சுற்றினாலும் வீக்கம் இல்லை. நன்றாக நெரித்து, ரத்தம் பீறிடக் கொஞ்சம் வழியும் விட்டால்... நாளாக ஆகப் பட்டைக்கு அப்பால் தமனி புடைத்தது! தடையும் வேண்டும், ஓட்டமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மடு விழும்.

2. நல்ல ரத்தஓட்டம் சத்தமே போடாது!

முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். ஒன்றும் கேட்காது. நிமிஷத்துக்கு எழுபது தடவை ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும் தமனி அது, ஆனால் மூச்சு விடாது! பி.பி. பட்டையைக் கட்டி, காற்றடித்து, மெல்ல இறக்கும்போது மட்டும் 'டப்... டப்...' என்று கேட்கிறதே, அது என்ன? நெரிபட்ட தமனி வழியே ரத்தம் பீறிட்டுக் கலங்கி ஓடுவதும், தமனிச் சுவர் அதிர்வதும்தான்.

இதை 1905-இல் கண்டுபிடித்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ். அவர் பி.பி. பார்க்கக் கிளம்பியவரே அல்ல! ரஷ்ய-ஜப்பான் போரில் அடிபட்டுத் தமனி வீங்கிய வீரர்களுக்கு எந்தக் குழாயைக் கட்டினால் கை கால் பிழைக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். வீங்கிய தமனியைக் காதால் கேட்கப் போய், உலகத்துக்கே பி.பி. பார்க்கும் வித்தையைக் கொடுத்துவிட்டார். அவர் சமர்ப்பித்த அறிக்கை ஒரு பக்கம்கூட வராது!

3. ஒரு கோடு சாயம், ஒரு கண்ணாடிக் குழாய்... ரகசியம் அம்பலம்!

நீரோட்டம் எப்போது ஒழுங்காக ஓடும், எப்போது கலங்கும்? 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் நூல் மாதிரி சாயத்தைச் செலுத்தினார். வேகம் குறைவாக இருந்தவரை சாயக்கோடு நூல் பிடித்தாற்போல் ஓடியது. வேகத்தைக் கூட்டினார், கூட்டினார்... சட்டென்று கோடு நெளிந்து, உடைந்து, குழாய் முழுக்கக் கலங்கிவிட்டது!

வேகம், குழாயின் அகலம், திரவத்தின் அடர்த்தி மூன்றையும் பெருக்கி, பிசுபிசுப்பால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நேரான குழாயில் அது சுமார் 2,000-ஐத் தாண்டினால் கலக்கம் தலைகாட்டும். நம் பெருந்தமனியில் இதயம் சுருங்கும் உச்ச நொடியில் இந்த எண் சில ஆயிரங்களைத் தொடும்! மிக நுண்ணிய தந்துகியிலோ ஒன்றுகூட வராது, ஒன்றில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரே உடம்பு, ஒரே ரத்தம், எவ்வளவு வித்தியாசம்!

4. ரத்தம் நீர்த்தால் இதயம் முணுமுணுக்கும்!

மேலே சொன்ன கணக்கில் பிசுபிசுப்பு கீழே இருக்கிறது, கவனித்தீர்களா? ரத்தசோகை முற்றினால் ரத்தம் நீர்த்துப்போகும். ஈடுகட்ட இதயம் வேகமாக இறைக்கும். எண் இரண்டு வழியிலும் ஏறும். விளைவு? வால்வில் எந்தக் கோளாறும் இல்லாமலே டாக்டரின் காதில் 'உஸ்ஸ்' என்று ஒரு முணுமுணுப்பு. ரத்தசோகை தீர்ந்தால் அதுவும் போய்விடும்!

5. சைக்கிள் வேகத்தில் ஓடும் ரத்தம்!

சாதாரணமாக இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் உச்ச வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். பெருந்தமனி வால்வு சுண்ணாம்பு படிந்து குறுகிவிட்டால்? அதே ரத்தம் அந்தச் சின்ன இடுக்கில் நுழைந்தாக வேண்டும். வினாடிக்கு 4 மீட்டரைத் தாண்டினால் எக்கோ பார்க்கும் டாக்டர் 'தீவிரக் குறுகல்' என்று எழுதுவார். மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல்! சைக்கிளை நிதானமாக மிதிக்கும் வேகம். அந்தப் பீச்சு வால்வைத் தாண்டியதும் விரிந்து, உடைந்து, சுழல் சுழலாகப் பக்கச்சுவரில் மோதும்.

6. பூனையின் முதுகில் கை வைத்திருக்கிறீர்களா?

சுகமாகப் படுத்திருக்கும் பூனையின் முதுகில் கை வைத்தால் 'குர்ர்ர்' என்று ஓர் அதிர்வு உள்ளங்கையில் ஏறுமே! கலங்கிய ரத்தம் ஓடும் இடத்தில் தோலின் மேல் கை வைத்தாலும் அச்சு அசல் அதேதான். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லெனெக் இதற்கு வைத்த பெயரே 'பூனை அதிர்வு'.

குறுகலுக்கு அப்பால் தமனி புடைப்பதற்கு இந்த அதிர்வுதான் குற்றவாளியோ என்று பிடித்துக்கொண்டவர் கனடாவின் மார்கோ ரோச். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் உயிர் இயற்பியலும் சேர்த்துப் படித்து உழைத்தவர். நாய்களின் தொடைத் தமனியிலும் கழுத்துத் தமனியிலும் பட்டை கட்டி அவர் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. எங்கே சத்தமும் அதிர்வும் இருந்ததோ அங்கேதான் தமனி விரிந்தது!

அதோடு விட்டாரா? உடம்பிலிருந்து எடுத்த தமனித் துண்டுகளையே குறைந்த அதிர்வெண்ணில் அதிரவிட்டுப் பார்த்தார். இதயமும் இல்லை, நரம்பும் இல்லை, வெறும் குழாய். அதிர்வு ஒன்றுக்கே அது தளர்ந்து விரிந்துகொடுத்தது!

7. தமனிச் சுவருக்குள் ரப்பரும் உண்டு, கயிறும் உண்டு!

ஏன் தளர்கிறது? தமனிச் சுவரில் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. எலாஸ்டின் ரப்பர் மாதிரி, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும். கொலாஜன் கயிறு மாதிரி, லேசில் நீளாது. 1957-இலேயே ரோச்சும் அவரது ஆசான் ஆலன் பர்ட்டனும் ஒரு வேலை செய்தார்கள். தமனித் துண்டுகளில் ஒரு நாரை மட்டும் ரசாயனத்தால் கரைத்துவிட்டு மற்றதை இழுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்போது பாரத்தைத் தாங்குவது எலாஸ்டின். அழுத்தம் ஏறினால்தான் தொய்ந்து கிடந்த கொலாஜன் இறுகி வேலைக்கு வரும்!

எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும் சுவரில் இந்த ரப்பர் நார்களின் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகிறது என்பது ரோச்சின் வாதம். நடுங்கும் சுவர் செல்கள் நாரை அரிக்கும் நொதிகளைச் சுரப்பதும் சேர்ந்துகொள்ளும் என்பார்கள் பின்னால் வந்தவர்கள். தினமும் லாரி போகும் சாலையோர வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்வதில்லையா, அந்தக் கதை!

8. ஆனால் எல்லாச் சுழலும் பொல்லாதது இல்லை!

1513 வாக்கில் ஓர் இத்தாலியர் மாட்டின் இதயத்தை வைத்து அச்செடுத்து, பெருந்தமனியின் தொடக்கத்தைக் கண்ணாடியில் செய்து, தண்ணீரில் புல் விதைகளைத் தூவி ஓடவிடத் திட்டம் போட்டார். விதைகள் போகும் போக்கில் சுழலைக் கண்ணால் பார்க்கலாமே! வால்வுக்குப் பின்னால் இருக்கும் மூன்று பைகளில் ரத்தம் சுழல்கிறது, அந்தச் சுழல்தான் வால்வை மெதுவாக மூடுகிறது என்று வரைந்தும் வைத்தார். யார் அவர்? மோனாலிசா வரைந்த லியோனார்டோ டாவின்சிதான்! 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டில் சோதித்துப் பார்த்தபோது மனிதர் சொன்னது சரி என்று தெரிந்தது. நானூற்றைம்பது வருஷம் முன்கூட்டி!

9. தமனிக்குக் காது உண்டு!

இதுதான் உச்சகட்ட ஆச்சரியம். தமனியின் உள்சுவரில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடும்போது, எவ்வளவு உரசுகிறது, ஒரே திசையிலா, முன்னும் பின்னுமா என்று அது உணர்கிறது! ஓட்டம் கூடினால் 'விரி' என்று பின்னால் இருக்கும் தசைக்குச் சேதி போகும். குறைந்தால் 'சுருங்கு'. ஓட்டத்துக்குத் தக்கபடி குழாய் தன் அளவை மாற்றிக்கொள்கிறது என்பதைக் கோழிக்கருவைப் பார்த்தே 1893-இல் சொல்லிவிட்டார் ரிச்சர்ட் தோமா. வாய்க்கால் தண்ணீருக்குத் தக்கபடி தானே அகலமாவதைப் போல! உலோகக் குழாய் செய்யுமா இதை?

10. ஒரு தவறு, ஒரு நோபல் பரிசு!

அந்தச் 'சேதி' என்ன? நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகம். முயலின் பெருந்தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் விட்டால் அது சுருங்கும் என்பது பல வருஷ அனுபவம். 1978-இல் உதவியாளர் ஒருவர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். தமனி சுருங்கவில்லை, விரிந்தது! துருவிப் பார்த்தால், இத்தனை நாளும் துண்டு போடும்போது உள்படலத்தை உரசித் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். படலம் இருந்தால் விரிகிறது, போனால் சுருங்குகிறது! அந்தப் படலம் அனுப்பும் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பின்னால் தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு.

இன்னும் கேளுங்கள்! டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரின் உடம்பில் வேலை செய்வதும் இதே வாயு மூலம்தான். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு அதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள்! நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் அதே குடும்பம்.

11. நூற்றுக்குப் பத்து விரிந்தால், ஓட்டம் எவ்வளவு கூடும்?

பத்து சதவீதம் என்பீர்கள். தப்பு! கிட்டத்தட்ட 46 சதவீதம்! குழாயின் ஆரத்தை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது பிரெஞ்சு மருத்துவர் புவாசேயின் விதி. திருப்பிப் போட்டால் நெஞ்சு பதறும்: ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு!

12. ஓட்டக்காரரின் தமனி எவ்வளவு பெரிது?

பாஸ்டன் மராத்தானை ஏழு தடவை ஜெயித்தவர் கிளாரன்ஸ் டிமார். அறுபதைத் தாண்டியும் ஓடினார். 1958-இல் புற்றுநோயால் இறந்தார். உடற்கூறு ஆய்வில் அவருடைய இதயத் தமனிகள் சாதாரண ஆளுக்கு இருப்பதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு அகலம்! வாழ்நாள் முழுக்கச் சீராகப் பாய்ந்த ரத்தம் தனக்கு வேண்டிய சாலையைத் தானே போட்டுக்கொண்டது. கர்ப்பிணிகளின் கருப்பைத் தமனியும் இப்படித்தான் ஏறத்தாழ இரு மடங்காகும். பிள்ளை பிறந்தபின் அடங்கும். மதகடி மடுவும் அகலம்தான், இதுவும் அகலம்தான். ஆனால் ஒன்று அரிப்பு, மற்றது வளர்ப்பு!

13. வேண்டுமென்றே கலக்கம் உண்டாக்கும் ஆபரேஷன்!

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால், மணிக்கட்டில் அவருக்கு ஃபிஸ்டுலா போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். 1966-இல் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் வெளியிட்ட முறை. நிமிஷத்துக்குச் சில பத்து மில்லி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அறுநூறு மில்லிக்கு மேல் பாயும்! சில வாரங்களில் சிரை கயிறு மாதிரி தடித்து, ஊசி குத்தத் தயாராகிவிடும். ரத்தம் கொண்டுவரும் தமனியும் அகலமாகும்.

"தினமும் காலையில எழுந்ததும் கையை வச்சுப் பாருங்க, சுர்ருனு அதிருதான்னு" என்று நர்ஸ் சொல்லி அனுப்புவார். அதே பூனை அதிர்வு! கழுத்திலும் நெஞ்சிலும் கேட்டால் பயப்பட வேண்டிய சத்தம், இங்கே நின்றுபோனால்தான் பயம். நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, இறுக்கமான வளையலோ வாட்ச்சோ கூடாது.

1757-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், ரத்தம் வடிக்கப் போட்ட கத்தி சிரையைத் தாண்டித் தமனியிலும் பட்டுவிட்டவர்களின் கையில் இதே இரைச்சலை எழுதிவைத்தார். அன்றைக்கு விபத்து, இன்றைக்கு உயிர்நாடி!

14. எலும்பையே அரிக்கும் ரத்தக்குழாய்!

சிலருக்குப் பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். ரத்தம் சும்மா இருக்குமா? விலா எலும்புகளுக்கு அடியில் ஓடும் சின்னத் தமனிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சந்துபொந்தெல்லாம் நெடுஞ்சாலையாகும்! துடித்துத் துடித்து விலா எலும்பின் கீழ்விளிம்பில் பல் பதித்தாற்போல் பள்ளம் போட்டுவிடும். எக்ஸ்ரேயில் அப்படியே தெரியும். ஒடுங்கிய இடத்துக்குக் கீழே பெருந்தமனி புடைத்திருப்பதால் அதன் ஓரம் '3' என்ற எண் மாதிரியே படத்தில் விழும். மதகும் மடுவும் ஒரே படத்தில்! இந்த ஒடுக்கத்தை வெட்டித் தைத்த முதல் ஆபரேஷன் 1944-இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. செய்தவர் கிளாரன்ஸ் கிராஃபூர்ட்.

15. கொழுப்பு எங்கே படியும் என்று ரத்தமே சொல்லிவிடும்!

கொழுப்புத் திட்டு தமனி முழுக்கச் சமமாகப் படிவதில்லை. நேரான இடங்களை விட்டுவிட்டு வளைவிலும் கிளை பிரியும் இடத்திலும்தான் உட்காரும். ஏன்? அங்கே ஒரு பக்கச்சுவரில் ரத்தம் மந்தமாகி, முன்னும் பின்னுமாக அலையும். நல்ல உரசல் இல்லாத இடத்தில் படலம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்துவிடும், அழற்சி கிளம்பும். ஆற்றின் உள்வளைவில் மணல் ஒதுங்குவதில்லையா!

16. தமனி கள்ளத்தனமும் செய்யும்!

கொழுப்பு படியப் படியத் தமனி என்ன செய்யும் தெரியுமா? வெளிப்பக்கமாக விரிந்துகொள்ளும்! ரத்தம் போகும் வழி குறையாது. சிகாகோவின் சீமோர் கிளாகோவ் குழு 1987-இல் சொன்ன கணக்குப்படி, திட்டு சுமார் 40 சதவீத இடத்தை அடைக்கும்வரை இந்தச் சமாளிப்பு ஓடும். ஆஞ்சியோகிராமில் தெரிவது ரத்தம் போகும் வழி மட்டும்தான். அதனால் 'எல்லாம் சரி' என்று படம் சொல்லும்போதே சுவருக்குள் நோய் குடியிருக்கலாம்!

17. ஐன்ஸ்டீனைச் சுற்றிய செலோஃபேன் தாள்!

தமனி விரிந்தால் வழி அகலமாகிறதே, நல்லதுதானே? அங்கேதான் கண்ணி! அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால் சுவரின் மேல் விழும் இழுவிசை. ஆரம் இரு மடங்கானால் இழுப்பும் இரு மடங்கு. இழுப்பு கூடினால் இன்னும் விரியும். விரிந்தால் இன்னும் இழுக்கும்! முதல் வீக்கத்துக்குத்தான் காரணம் வேண்டும், அதற்கப்புறம் வீக்கமே வீக்கத்துக்குக் காரணம்.

வயிற்றில் பெருந்தமனி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம். 3-ஐத் தொட்டால் அந்த வீக்கத்துக்கு அனியூரிசம் என்று பெயர். ஆண்களுக்கு 5.5-ஐத் தொட்டால் ஆபரேஷன் பேச்சு வரும். ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கு இது இருந்தது! 1948-இல் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். தாள் உறுத்தி உறுத்தி, சுற்றிலும் தழும்பு கட்டித் தாங்கிக்கொள்ளும் என்ற யோசனை. ஆறு வருஷத்துக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்தபோது மறு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 18-ஆம் தேதி மறைந்தார்.

பெரும்பாலும் வலியே இல்லாமல் வளரும் வீக்கம் இது. அதனால்தான் 65 வயதைத் தாண்டிய, புகைப்பழக்கம் இருந்த ஆண்கள் ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சில நாடுகளில் பரிந்துரையே உண்டு.

18. கடைசியாக, ஒரு மௌனம்!

அடுத்த தடவை பி.பி. பார்க்கும்போது டாக்டரின் முகத்தைக் கவனியுங்கள். பட்டை இறுகி ரத்தம் நின்றிருக்கும்போது அவருக்கு ஒன்றும் கேட்காது. காற்று இறங்க இறங்க 'டப் டப்' கேட்கும். பட்டை முழுக்கத் தளர்ந்ததும் மறுபடி ஒன்றும் கேட்காது. முதல் மௌனம், ரத்தம் ஓடாததால். கடைசி மௌனம், ரத்தம் தடையில்லாமல் ஓடுவதால்! மேலே, கீழே என்று அவர் எழுதித் தரும் இரண்டு எண்களும் இந்த இரண்டு மௌனங்களின் எல்லைகள்தான். மதகில்லாத வாய்க்கால் எதையும் அரிக்காமல் எதையும் சொல்லாமல் ஓடும் என்று கண்மாய்க் கரைக்காரருக்குத் தெரியும்... இப்போது உங்களுக்கும் தெரியும்!